உருவம் ஒன்று, இனம் ஐந்து: கொசு ஆய்வுக்கு எந்த மரபுக் குறிப்பான்?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். "மாட்டுத்தொழுவங்களிலிருந்து கொசு பிடித்து வைத்திருக்கிறேன். எல்லாமே அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ். இவற்றுக்குள் எத்தனை உடன்பிறப்பு இனங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் மரபணு வேறுபாடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐடிஎஸ்2 செய்யட்டுமா, சிஓஐ செய்யட்டுமா? வழிகாட்டி முழு ஜீனோம் என்கிறார். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது."

கடைசி வரிதான் உண்மையான கடிதம். பணம் தாராளமாக இருப்பவர்கள் எல்லாவற்றையும் செய்துவிட்டுப் பிறகு யோசிப்பார்கள். இந்தக் கட்டுரை ஒன்றுக்கு, மிஞ்சினால் இரண்டுக்கு மட்டும் பணம் வைத்திருப்பவர்களுக்கு. புதியவர்களுக்கு ஒரு வரி: உடன்பிறப்பு இனங்கள் என்பவை உருவத்தில் ஒன்றுபோல இருந்தும் தங்களுக்குள் கலக்காத இனங்கள். அவற்றைப் பிரித்தறிய உதவும் டிஎன்ஏ துண்டோ குரோமோசோம் அடையாளமோதான் மரபுக் குறிப்பான். ஐடிஎஸ்2, சிஓஐ இரண்டும் அப்படிப்பட்ட டிஎன்ஏ துண்டுகள்.

## இராமேசுவரத்தில் நின்ற புதிர்

குலிசிஃபேசிஸையே எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்துக் கதை. இந்தக் கேள்வியின் எல்லாச் சிக்கலும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

1901இல் ஜைல்ஸ் விவரித்த இந்தக் கொசு, இந்தியக் கிராமப்புற மலேரியாவில் பெரும்பங்குக்குப் பொறுப்பு. 1980இல் கிரீனும் மைல்ஸும் அதன் குரோமோசோம்களைப் பார்த்து, இது ஒன்றல்ல, குறைந்தது இரண்டு இனம் என்றார்கள். அவற்றுக்கு ஏ, பி என்று பெயர். பிறகு சரளா சுப்பாராவும் அவருடைய குழுவினரும் சி, டி என்று சேர்த்தார்கள். நான்கும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். நடத்தையோ வேறு. பி இனம் பெரும்பாலும் மாட்டு இரத்தமே குடிக்கும், மலேரியாவைப் பரப்புவதில் மந்தம். ஏ, சி, டி அப்படியல்ல. ஓர் ஊரில் எந்த இனம் இருக்கிறது என்று தெரியாமல் மருந்து அடிப்பது, யார் வீட்டில் திருடன் என்று தெரியாமல் ஊர் முழுக்கப் பூட்டு மாட்டுவது போன்றது.

ஆனால் இராமேசுவரம் தீவில் கணக்கு இடித்தது. குரோமோசோமைப் பார்த்தால் பி. பி மந்தமான இனம். ஆனாலும் அங்கே வைவாக்ஸ் வகை மலேரியா பரவிக்கொண்டிருந்தது. கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையிலும் இதே முரண்: அங்கே இருப்பது பி மட்டும்தான் என்று நம்பப்பட்டது, மலேரியாவைப் பரப்புவதும் அந்தக் குலிசிஃபேசிஸ்தான். 1999இல் விடை கிடைத்தது. பி என்று பதிவான கொசுக்களில் ஆணின் ஒய் குரோமோசோம் இரண்டு வடிவில் இருந்தது. ஒரு வடிவம் பி. மற்றது தனி இனம். அதற்கு ஈ என்று பெயர் வைத்தார்கள். மலேரியாவைச் சுமப்பது அந்த ஈ. அடுத்த ஆண்டே இலங்கையிலும் ஈ இருப்பதைக் காட்டினார்கள்.

இத்தனை ஆண்டுகள் பியின் நிழலில் ஈ மறைந்திருந்ததற்குக் காரணம், பார்த்தவர்களின் கவனக்குறைவு அல்ல. பாலிட்டீன் குரோமோசோம் (பல படிகள் ஒட்டித் தடித்து, நுண்ணோக்கியில் வரிவரியாகத் தெரியும் குரோமோசோம்) என்ற அந்தக் குறிப்பானால் பியையும் ஈயையும் பிரித்துச் சொல்ல இயலாது, அவ்வளவுதான். ஒவ்வொரு குறிப்பானுக்கும் இப்படி ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கீழே ஒவ்வொன்றையும் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கேள்வி. "இது எந்த இனம்?" என்பது ஒன்று. "இந்த இரண்டு ஊர்க் கொசுக்களும் ஒன்றோடொன்று கலக்கின்றனவா?" என்பது வேறு. "இந்த இரண்டு இனங்களும் எப்போதாவது மரபணுவைக் கொடுத்து வாங்கியிருக்கின்றனவா?" என்பது இன்னும் வேறு. எனக்கு எழுதுபவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது கேள்விக்கான செலவைத் திட்டமிடுகிறார்கள்.

அடுத்தது, கொசு எந்த நிலையில் கையில் இருக்கிறது என்பது. உயிரோடா, திசுவைப் பதப்படுத்தும் கார்னாய் திரவத்திலா, ஆல்கஹாலிலா, ஊசியில் குத்திக் காய்ந்ததா? பல நேரங்களில் இதுவே முடிவைச் சொல்லிவிடும். ஆய்வாளருக்கு அதில் வாய்ப்பே இருக்காது.

மூன்றாவது, அந்தக் குறிப்பான் எந்த வழியாக அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. தாய்வழி மட்டுமா, இருவழியுமா, எக்ஸ் குரோமோசோம் வழியாகவா? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தி. உடன்பிறப்பு இனங்களில் பிழை நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

பிறகு செலவு. விலைப்பட்டியலில் இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐந்தாவதாக, உங்கள் தரவை வேறோர் ஆய்வகத்தின் தரவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா என்பது. இதைக் கடைசியில் வைத்திருந்தாலும் ஆய்வேட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான்.

## உருவத்தைப் பார்த்தே சொல்வது

இதைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். சிறகின் புள்ளிகளையும் கால்களின் பட்டைகளையும் பார்த்து குலிசிஃபேசிஸ் வரைக்கும் வரலாம். ஏயா, பியா என்று போக முடியாது. விதிவிலக்கு முட்டை. 1926இல் இத்தாலியில் ஃபல்லெரோனி என்ற ஓய்வுபெற்ற சுகாதார அதிகாரி, மேக்யூலிபென்னிஸ் என்ற ஐரோப்பிய அனாஃபிலஸ் கொசுக்களின் முட்டைகள் ஒரே கோலத்தில் இல்லை என்று கவனித்தார். ஐரோப்பாவில் கொசு இருந்தும் மலேரியா இல்லாத ஊர்கள் ஏன் இருக்கின்றன என்ற பழைய கேள்வி அங்கிருந்துதான் அவிழத் தொடங்கியது. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சியிலும், முட்டையின் பக்கவாட்டு மிதவையில் உள்ள வரிகளை எண்ணித்தான் மூன்று வடிவங்களாகப் பிரிக்கிறார்கள். வரிகள் அதிகமென்றால் ஒரு வடிவம், குறைவென்றால் இன்னொன்று, இடையில் மூன்றாவது. அவற்றின் எண்ணிக்கை வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் ஒரே ஒரு முட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எந்த வழியில் போனாலும் உருவப் பதிவைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். முழு உடலையும் அரைத்து டிஎன்ஏ எடுத்தால் பிறகு கொசு மிஞ்சாது.

## பாலிட்டீன் குரோமோசோம்

மாட்டு இரத்தம் குடித்து ஏறத்தாழ ஒரு நாள் ஆன பெண் கொசுவைப் பாருங்கள். வயிற்றின் முன்பாதி இன்னும் கருஞ்சிவப்பு, பின்பாதி வெண்மை. இரத்தம் செரிக்கச் செரிக்க முட்டை முதிர்ந்து வருகிறது. அந்த நேரத்தில் சூலகத்தைப் பிரித்தெடுத்து கார்னாய் திரவத்தில் போட வேண்டும். சில மணி நேரம் முந்தினால் குரோமோசோம் போதிய தடிமனுக்கு வந்திருக்காது. பிந்தினால் சிதையத் தொடங்கிவிடும். சரியான நேரத்தில் எடுத்ததைச் சாயமேற்றி, கண்ணாடி வில்லைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தி நுண்ணோக்கியில் வைத்தால், சேலைக் கரையில் ஓடும் கோடுகளைப் போல அடர்த்தியும் மெலிவுமாக வரிகள் தெரியும். சில இடங்களில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கும். எக்ஸ் குரோமோசோமிலும் இரண்டாவது குரோமோசோமிலும் எந்தத் துண்டு திரும்பியிருக்கிறது என்பதை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரிக்கலாம்.

இந்த முறைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஒரே தொழுவத்தில் பிடித்த நூறு கொசுக்களில் சில நேர்த் துண்டோடும் சில தலைகீழ்த் துண்டோடும் இருந்து, இரண்டும் கலந்த கலப்பினம் ஒன்றுகூட இல்லை என்றால், அவை ஒன்றோடொன்று இணைசேர்வதில்லை என்று பொருள். கலந்திருந்தால் கலப்பு வடிவம் கண்டிப்பாகத் தென்படும். இனங்கள் வேறு என்பதற்கு இயற்கையே நடத்தி முடித்த சோதனை இது. மற்ற முறைகள் பெரும்பாலும் இவ்வாறு நிறுவப்பட்ட இனத்துக்கு அடையாள அட்டை வழங்கும் வேலையைத்தான் செய்கின்றன.

வேதிப்பொருள் செலவு சொற்பம். நல்ல நுண்ணோக்கி இருந்தால் போதும். மறைசெலவு கண்ணில் இருக்கிறது: வரிகளை வாசிக்கப் பழக மாதக்கணக்கில் ஆகும், கற்றுக்கொடுப்பவர்களும் அருகிவிட்டார்கள். பிடித்ததில் பெரும்பகுதி வீணாகும். ஆண் கொசு உதவாது, பசியோடு இருக்கும் பெண் உதவாது, முட்டை முற்றியதும் உதவாது.

குருட்டுப் புள்ளியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: பியும் ஈயும் இதில் ஒன்றே. அவற்றைப் பிரிக்க ஒய் குரோமோசோம் வேண்டும். பிடிபட்டதோ பெண், பெண்ணுக்கு ஒய் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாக முட்டையிடச் செய்து, புழுக்களை நான்காம் பருவம் வரை வளர்த்து, ஆண் புழுவின் மூளை நரம்பு முடிச்சிலிருந்து செல் பிரியும் நேரத்துக் குரோமோசோம்களை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒய் ஒரு முனையில் மட்டும் கட்டப்பட்ட குச்சியைப் போல இருந்தால் பி. சமமில்லாத இரண்டு கைகளோடு இருந்தால் ஈ. தாயின் இனத்தை மகனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை.

எப்போது இது மேல்: இதுவரை யாரும் பார்க்காத பகுதி, புதிய இனம் இருக்கலாம் என்ற சந்தேகம், களத்துக்குப் பக்கத்திலேயே ஆய்வகம், கற்றுக்கொடுக்க ஒருவர்.

## ஐடிஎஸ்2, டி3: ரைபோசோம் டிஎன்ஏ

ஐடிஎஸ்2, டி3 இரண்டும் ரைபோசோம் டிஎன்ஏவின் துண்டுகள். ரைபோசோம் மரபணு ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான படிகளாக இருக்கிறது. அந்தப் படிகள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டு ஒரே மாதிரியாகிவிடுகின்றன. அதனால் இனத்துக்குள் வேறுபாடு குறைவாகவும் இனங்களுக்கிடையே வேறுபாடு தெளிவாகவும் இருக்கும். அடையாளம் காண்பதற்கு இதைவிட வசதியான குணம் வேறில்லை. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் காம்பியே தொகுதியை (காம்பியேயும் அதன் உடன்பிறப்பு இனங்களும்) இனம் பிரிக்க உலகம் முழுக்கப் பயன்படும் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறை), 1993இல் இந்த ரைபோசோம் டிஎன்ஏவை வைத்துத்தான் உருவானது.

படிகள் நிறைய இருப்பதால் ஒரே ஒரு காலிலிருந்து எடுத்த டிஎன்ஏ போதும். காய்ந்த கொசுவும் பெரும்பாலும் கைகொடுக்கும். பிசிஆர் கருவியும் ஜெல் தட்டும் இருக்கிற எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். பட்டைகளைப் பார்த்து மாலைக்குள் விடை.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. ஒரு கடற்கரைக் கிராமத்துக் கொசுக்களை டி3 பிசிஆரில் ஓட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் பட்டை. குறிப்பேட்டில் "பி" என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். அந்தப் பிசிஆர் சொல்வது "ஏ அல்லது டி", "பி அல்லது சி அல்லது ஈ" என்ற இரண்டே பிரிவுகளைத்தான் என்று தெரிந்தபோது குறிப்பேடு பாதி நிறைந்திருந்தது. இராமேசுவரத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் வேறு வழியில்லாமல் செய்த பிழையை நான் வழி இருந்தும் செய்தேன். ஐடிஎஸ்2 வரிசையும் இந்த இரண்டு கும்பலாகத்தான் பிரிக்கிறது. ஐந்தையும் முழுமையாகப் பிரிக்க மேலே இன்னொரு சோதனை வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. காம்பியே தொகுதியில் இந்த ரைபோசோம் டிஎன்ஏ எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கலப்பினப் பெண்ணில் இரண்டு பட்டையும் தெரியும். முதல் தலைமுறைக் கலப்பு என்று சொல்லிவிடலாம். இரண்டு மூன்று தலைமுறை ஒரே பக்கமாக மீண்டும் கலந்துவிட்டால், ஜீனோமின் மற்ற பகுதிகளில் அயல் மரபணு எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனைக்குத் தெரியாது. கலப்பே இல்லை என்று சாதிக்கும்.

மறைசெலவு: படிகளுக்குள் சிறு வேறுபாடு இருந்தால் நேரடி வரிசை வாசிப்பில் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அப்போது குளோனிங் செய்து பிரிக்க வேண்டியிருக்கும். செலவும் காலமும் எகிறும். இனத்துக்குள் வேறுபாடு குறைவு என்பதால், "இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் என்ன வேறுபாடு" என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

எப்போது இது மேல்: கேள்வி "எந்த இனம்?" மட்டும், கொசு நிறைய, பணம் கொஞ்சம், பகுதியில் என்னென்ன இனங்கள் உண்டு என்று முன்பே யாரோ நிறுவியிருக்கிறார்கள்.

## சிஓஐ, சிஓஐஐ: மைட்டோகாண்ட்ரியா

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

ஈர்ப்பு புரிகிறது. சிஓஐ, சிஓஐஐ இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள். சிஓஐயில் இருப்பது, விலங்குகளுக்கெல்லாம் பொதுவான பட்டைக்குறியீடு என்று பெயர் வாங்கிய 658 எழுத்துத் துண்டு. பிரைமர்கள் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) ஆயத்தமாகக் கிடைக்கின்றன. வாசிப்புக்கு அனுப்பினால் ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய். பொதுத் தரவுத்தளத்தில் உலகெங்கிலுமிருந்து ஒப்பிட வரிசைகள் குவிந்திருக்கின்றன. இனத்துக்குள்ளும் போதிய வேறுபாடு காட்டுவதால், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது என்ற கதையும் ஓரளவு சொல்லும். ஸ்டீஃபன்சி 2012இல் ஜிபூட்டியில் தென்பட்டு, பிறகு எத்தியோப்பியாவுக்கும் சூடானுக்கும் பரவியபோது அதன் தடத்தைப் பின்தொடர்வதில் சிஓஐ பெரிதும் உதவியது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் சான்று பெற்ற இலங்கையில், மறு ஆண்டே மன்னாரில் ஸ்டீஃபன்சி பதிவானது. அந்த மாதிரி நேரத்தில், "இது உள்ளூர்க் கொசுவா, புதிதாக வந்திறங்கியதா" என்று விரைந்து சொல்ல இதை விட்டால் வேறில்லை.

ஆனால் நெருங்கிய உறவினங்களுக்குள் வந்தால் கதை மாறுகிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் இறங்குவது. ஆப்பிரிக்காவில் காம்பியேயும் அதன் உடன்பிறப்பு இனமான அரபியென்சிஸும் எப்போதாவது இணைசேர்ந்தால் பிறக்கும் ஆண் மலடு, பெண் மலடல்ல. அந்தப் பெண் வழியாக ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா மற்ற இனத்துக்குள் குடிபெயர்ந்துவிடும். அங்கே அதுவே பரவி நிலைத்துவிட்டால், சிஓஐயைப் பார்த்து இரண்டு இனத்தையும் பிரிக்கவே முடியாது. இந்த இரண்டுக்கும் நடந்தது அதுதான். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் டைரஸ், பைமாயி என்ற இரண்டு அனாஃபிலஸ் இனங்களும் இதே போல மைட்டோகாண்ட்ரியாவைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. வேலைக்காரி வீடு மாறினால் சமையலின் ருசியும் வீடு மாறும். ருசியை வைத்து இரண்டு வீட்டாரும் ஒரே குடும்பம் என்று சொல்ல முடியுமா?

இன்னும் இரண்டு குழிகள். கியூலெக்ஸ் பைபியன்ஸ் என்ற கொசுத் தொகுதியில் வோல்பேக்கியா என்ற பாக்டீரியா செல்லுக்குள் வாழ்கிறது. அது பரவும்போது தன்னோடு பயணம் செய்யும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழுத்துக்கொண்டு பரவும். மக்கள்தொகை முழுக்க ஒரே மைட்டோகாண்ட்ரியா வகை மிஞ்சும். அதைப் பார்த்து "மரபணு வேறுபாடு குறைவு, அண்மையில் எண்ணிக்கை சரிந்திருக்கிறது" என்று முடிவு எழுதினால் கொசுவின் வரலாறு என்று பாக்டீரியாவின் வரலாற்றை எழுதியதாகும். டெங்குக் கொசுவான ஏடிஸ் எஜிப்தியிலோ மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகளின் பழைய படிகள் உட்கரு ஜீனோமுக்குள்ளேயே சிதறிக் கிடக்கின்றன. பிசிஆர் சில நேரம் உண்மையானதை விட்டுவிட்டு அந்தப் போலியைப் பெருக்கிக் கொடுக்கும். வரிசையின் நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் எழுத்துகள்) வந்தால் சந்தேகப்பட வேண்டும். வராவிட்டாலும் சந்தேகம் முற்றிலும் தீராது.

குலிசிஃபேசிஸில் சிஓஐஐ மரபணுவை வைத்து ஏயையும் டியையும் தனித்தனியாகவும், பி, சி, ஈ மூன்றையும் தனித்தனியாகவும் பிரிக்கும் பிசிஆர் முறை இருக்கிறது. டி3 விட்ட இடத்திலிருந்து இது தொடரும். பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் ஊரில் குரோமோசோம் பார்த்து உறுதிசெய்த நான்கைந்து கொசுக்களையாவது முதலில் ஓட்டிப் பாருங்கள். வேறொரு பகுதியின் கொசுக்களை வைத்து வடிவமைத்த சோதனை, கடலையோ மலையையோ தாண்டியும் அதே விடையைச் சொல்லும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

எப்போது இது மேல்: வந்தேறிக் கொசுவை அடையாளம் காண, முன்பு யாரும் டிஎன்ஏ பார்க்காத பகுதியில் முதல் கணக்கெடுப்பு, உட்கருக் குறிப்பான் ஒன்றுக்குத் துணையாக. தனியாக நின்று, உடன்பிறப்பு இனங்களுக்கிடையே மரபணு ஓட்டம் இல்லை என்று சாட்சி சொல்ல மட்டும் இதைக் கூப்பிடாதீர்கள்.

## மைக்ரோசாட்டிலைட்

சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டு இது; எத்தனை முறை வருகிறது என்பது கொசுவுக்குக் கொசு மாறும், அதனால் துண்டின் நீளமும் மாறும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்தால் இதற்கு இரண்டு பக்கம் கொடுத்திருப்பேன். பிரதேசங்களுக்கிடையே கொசுக்கள் கலக்கின்றனவா என்ற கேள்விக்கு அன்று இதுவே அரசன். இன்றும் கையில் முப்பது நாற்பது கொசுக்கள் கொண்ட தொகுப்புகள் பல இருந்து, ஓர் இனத்துக்குள் மட்டும் கேள்வி என்றால் மோசமில்லை.

உடன்பிறப்பு இனங்களை ஒப்பிடுவதற்கு இது இடறும். ஓர் இனத்துக்கு வடிவமைத்த பிரைமர் மற்றதில் சரியாக ஒட்டாமல் போனால், இருக்கிற வடிவம் இல்லாதது போலத் தோன்றும். உள்ளதைவிடக் கூடுதலான பிரிவை அது காட்டும். தலைகீழ்த் துண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் குறிப்பான் ஒன்று சொல்லும், வெளியே இருப்பது வேறு சொல்லும். மேற்கு ஆப்பிரிக்கக் காம்பியேயில் 1998லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். ஓர் ஆய்வகத்தில் 142 என்று அளந்த துண்டு இன்னொன்றில் 144 என்று வரும். யாருடைய தரவையும் யாருடையதோடும் நேரடியாகச் சேர்க்க முடியாது. மற்றொன்று, பெண் கொசுவின் வயிற்றில் அது இணைசேர்ந்த ஆணின் விந்தணு சேமிக்கப்பட்டிருக்கும். முழு உடலையும் அரைத்தால் ஒரே கொசுவில் மூன்று வடிவம் தெரிந்து திகைப்பீர்கள்.

எப்போது இது மேல்: பழைய மைக்ரோசாட்டிலைட் தரவு அதே ஆய்வகத்தில் இருந்து, அதைத் தொடரும்போது.

## முழு ஜீனோம்

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இனங்கள் மரபணுவைக் கொடுத்து வாங்கினவா என்பதற்கு, நேர்மையான விடை இங்கேதான் கிடைக்கும். 2015இல் வெளியான காம்பியே தொகுதி ஆய்வு அதற்கு எடுத்துக்காட்டு. எக்ஸ் அல்லாத குரோமோசோம்களை வைத்து வம்சமரம் போட்டால் அரபியென்சிஸ் காம்பியேக்கு நெருங்கிய உறவு என்று வருகிறது. எக்ஸ் குரோமோசோமை வைத்துப் போட்டால் அப்படி இல்லை. உண்மையான கிளைவரிசையைக் காப்பாற்றி வைத்திருந்தது எக்ஸ்தான். மற்ற குரோமோசோம்களின் பெரும்பகுதி இனம் தாண்டி ஓடிய மரபணுக்களால் நிறைந்திருந்தது. ஒரு குறிப்பானையோ இரண்டையோ வைத்து இதைக் கண்டிருக்க முடியாது. பூச்சிக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றம் காம்பியேயிலிருந்து அதே தொகுதியின் கொலுசியிக்குத் தாவியதன் முழு அளவும் இப்படித்தான் தெளிவானது. மருந்து அடிப்பவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

2017இல் ஆப்பிரிக்காவின் 765 கொசுக்களைப் படித்து, 5 கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் எழுத்து மாறியிருப்பதைப் பதிவு செய்தார்கள். இயற்கையான கொசு மக்கள்தொகையில் எவ்வளவு வேறுபாடு குவிந்து கிடக்கிறது என்று அன்றுதான் சரியாகப் புரிந்தது.

செலவு? வாசிப்புச் செலவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஆண்டுதோறும் இறங்குகிறது. இறங்காதவை வேறு. காம்பியேயின் ஜீனோம் ஏறத்தாழ 28 கோடி எழுத்து. ஏடிஸ் எஜிப்தியினுடையது அதைப்போல நான்கரை மடங்கு. அனாஃபிலஸுக்குப் போட்ட பட்ஜெட்டில் ஏடிஸ் செய்ய முடியாது. ஒரு கொசுவில் கிடைக்கும் டிஎன்ஏ நானோகிராம் கணக்கில்தான். தரவைச் சேமிக்க வட்டுகள், அலச வலுவான கணினி, எல்லாவற்றுக்கும் மேல் அலசத் தெரிந்த ஆள். தரவு வந்து இரண்டு ஆண்டாகியும் திறக்கப்படாமல் கிடக்கும் வட்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கான மாதிரி ஜீனோமும் வேண்டும். குலிசிஃபேசிஸுக்கு 2015லேயே ஒன்று வந்துவிட்டது. அது ஏ இனத்தினுடையது, துண்டு துண்டாக இருப்பது. பி, ஈ கொசுக்களின் துணுக்குகளை அதன்மேல் பொருத்தினால், ஏயைப் போல இருப்பவை நன்றாகப் பொருந்தும், மிகவும் மாறியவை பொருந்தாமல் உதிரும். மிச்சம் நிற்பதை வைத்துக் கணக்கிட்டால் இனங்கள் உள்ளதைவிட நெருக்கமாகத் தெரியும்.

இடைவழி ஒன்று உண்டு: ஜீனோமில் தேர்ந்தெடுத்த சில பத்துத் துண்டுகளை மட்டும் பெருக்கிப் படிப்பது. அனோஸ்ப் என்ற தொகுப்பு, அனாஃபிலஸ் பேரினம் முழுக்கப் பொருந்துமாறு 62 துண்டுகளை எடுத்துக்கொள்கிறது. மலேரியா ஒட்டுண்ணியையும் அதே ஓட்டத்தில் பார்க்கிறது. நூற்றுக்கணக்கான கொசுக்களை ஒன்றாக ஓட்டினால்தான் விலை கட்டுப்படியாகும். இருபது கொசுக்காரருக்கு உதவாது.

எப்போது இது மேல்: கேள்வி மரபணு ஓட்டத்தைப் பற்றியது, அலச ஆள் ஏற்கெனவே குழுவில் இருக்கிறார், கொசுக்களின் இனம் வேறு வழியில் உறுதியாகிவிட்டது.

## ஒரே பார்வையில்

| குறிப்பான் | இறங்கும் வழி | கொசுவின் நிலை | குருட்டுப் புள்ளி | மறைசெலவு |
|---|---|---|---|---|
| பாலிட்டீன் குரோமோசோம் | இருவழி | பாதி முட்டை முதிர்ந்த பெண் மட்டும் | பி–ஈ பிரியாது | பயிற்சி, வீணாகும் கொசுக்கள் |
| ஐடிஎஸ்2, டி3 | இருவழி (காம்பியேயில் எக்ஸ் வழி) | ஒரு கால் போதும், காய்ந்ததும் சரி | பழைய கலப்பு தெரியாது | படி வேறுபாட்டுக் குழப்பம் |
| சிஓஐ, சிஓஐஐ | தாய்வழி மட்டும் | ஒரு கால் போதும் | இனம் தாண்டிய மைட்டோகாண்ட்ரியா | போலிப் படி, வோல்பேக்கியா |
| மைக்ரோசாட்டிலைட் | இருவழி | நல்ல டிஎன்ஏ | ஒட்டாத பிரைமர் | பிறர் தரவோடு சேராது |
| முழு ஜீனோம் | எல்லாமே | மிக நல்ல டிஎன்ஏ | மாதிரி ஜீனோமின் சாய்வு | கணினி, வட்டு, ஆள் |

## கடிதக்காரர்களுக்கு

ஒன்றுக்குத்தான் பணம் என்று எழுதியவருக்கு என் பதில்: மலிவான இரண்டைச் செய்யுங்கள். டி3 ஒன்று, சிஓஐஐ ஒன்று. ஒன்று உட்கருவிலிருந்து, மற்றது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. முரண்பட்டால் அந்தக் கொசுக்கள்தாம் உங்கள் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம். அந்தச் சிலவற்றை மட்டும் ஜீனோமுக்கு அனுப்பப் பணம் கேட்கலாம், காரணமும் கையில் இருக்கும். எடுத்த எடுப்பில் முழு ஜீனோம் என்று சொல்லும் வழிகாட்டியிடம், தரவை அலசப்போவது யார் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அருங்காட்சியகப் பெட்டியில் குத்திவைத்த பழைய கொசுக்கள் மட்டுமே இருக்கின்றன என்று எழுதியவருக்கு வேறு வழியில்லை. படிகள் மிகுந்த ரைபோசோம் துண்டையும் குட்டையான மைட்டோகாண்ட்ரியாத் துண்டையும் முயலுங்கள். 658 எழுத்தும் முழுசாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தென்மாவட்டக் கடற்கரையிலோ மன்னார் வளைகுடாவின் எந்தக் கரையிலோ வேலை செய்பவர்கள் மட்டும் குரோமோசோமை முழுக்கக் கைவிட வேண்டாம். பி–ஈ கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. பிடித்ததில் பத்துப் பதினைந்து பெண்களையாவது தனித்தனியாக முட்டையிட விடுங்கள்.

இன்னும் எதையும் முடிவு செய்யாதவர்களுக்கு ஒரு வழி: கொசுவைப் பிரித்து வையுங்கள், முடிவைத் தள்ளிப்போடலாம். கால்களும் சிறகும் ஒரு குழாயில், ஆல்கஹாலில்; டிஎன்ஏவுக்கு அதுவே நல்லது, குடித்த மாட்டு இரத்தமும் சேமித்த விந்தணுவும் அங்கே கலக்காது. தலையும் மார்பும் இன்னொன்றில். உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பின்னர் பார்க்கலாம். பாதி முட்டை முதிர்ந்த பெண்ணென்றால் சூலகம் கார்னாய் திரவத்தில். ஆல்கஹாலை வாங்கும்போது கலப்படமில்லாததா என்று பார்த்து வாங்குங்கள். ஒருமுறை நீர் கலந்த புட்டி ஒன்று என் ஒரு மழைக்காலத்துச் சேகரிப்பை முழுக்கக் கூழாக்கிவிட்டது. மூன்று குழாய்க்கும் ஒரே எண். முட்டையிட்ட தாயின் குழாய்க்கும், அதன் புழுக்கள் வளரும் தட்டுக்கும் அதே எண். எண்ணைப் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.